ஏலக்காய் வாசம் அடித்த மாவு

ஆனி 5, செவ்வாய்

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள்: நான், பருவதம். என் தங்கை துளசிமணி. அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன், மழையில்லாத நாளில் குடையோடு. டாக்டர் ஹேமலதா. காகிதக் கட்டோடு ஓடித் திரியும் ஷர்மிளா என்கிற பெண். புளியம்பட்டியில் எங்களோடு பஸ் ஏறிய ஃபர்ஹானா, இருபத்திரண்டு வயது, எங்களுக்கு இருக்கிற அதே வியாதி. மேசை மேல் கம்ப்யூட்டர். நாளைக்கு யாராவது அப்படி நடக்கவே இல்லை என்று சொன்னால் இத்தனை சாட்சி உண்டு.

வியாதி பெருங்குடலில் புண். வெளிக்குப் போனால் ரத்தம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கு வைத்தால் மானம் போகும். எனக்கு நாலு வருசமாக இருக்கிறது, துளசிக்கு இரண்டு வருசமாக. வியாதியில்கூட நான் வாங்கியதைப் பார்த்துத்தான் அவளும் வாங்கினாள்.

டாக்டர் சொன்னார், மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது, அதோடு மூன்று வேளையும் ஒரு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று. பாதிப் பேருக்கு நிஜ மாவு. பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடுமாம். டாக்டருக்கே தெரியாதாம்.

"ஏனுங்க டாக்டரம்மா, வெறும் மாவு வந்தவிய என்ன பாவம் பண்ணுனாங்க?" என்று கேட்டேன்.

"பாவமெல்லாம் இல்லீங்கம்மா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான், மாவுனால நல்லாச்சா, தானா நல்லாச்சான்னு தெரியும்" என்றார். அதற்குள் அவருக்கு ஃபோன் வந்தது. வெளியே போய்விட்டார்.

மீதியை ஷர்மிளா பார்த்துக்கொண்டாள். "ஒரே குடும்பத்துல ரெண்டு பேரச் சேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு பாட்டி. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற வீடுதானே? அப்ப வேற குடும்பம்தான். எனக்கு இன்னும் ரெண்டு பேரு கொறையுது. டாக்டர் கேட்டா ஒரே ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

ஐந்தாறு தாள் இருந்தது. விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபர்ஹானா இதே வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள், அதனால் இந்தத் தடவை அவளைச் சேர்க்கவில்லை. எங்களையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பதினான்காம் நம்பர் டப்பா. துளசிக்குப் பதினைந்து. டப்பா இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் அவளுக்கு ஷர்மிளா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு மேசை மேல் தள்ளிவிட்டாள்.

தின்பதை எழுத ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது மருமகள் கோமதி கொடுத்த டைரி. இதில் தின்ன முடியாததை எழுதுவேன்.

ஆனி 6, புதன்

கஞ்சி. சுண்ணாம்பு அடித்த சுவரை நக்கியது போல இருக்கிறது. காரம், பால், கோதுமை எதுவும் ஆகாது. கோமதி கொள்ளுப் பருப்புக் கடைந்தாள். வீடெல்லாம் வாசம்.

டப்பாவில் வண்டு விழாமல் இருக்க ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தேன். மாவு எதுவானாலும் நான் வசம்பு போடாமல் வைத்ததில்லை. வேறெதையும் உள்ளே போடக்கூடாது என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள். வண்டு விழுந்தால் அவளா வந்து பொறுக்கப் போகிறாள்?

ஆனி 12, செவ்வாய்

துளசி வீட்டுக்குப் போனேன். அடுத்த வீதிதான். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது நல்லாத்தானுக்கா இருக்குது. பாயசமாட்ட."

"பாயசமா? எனக்குப் போஸ்டர் ஒட்டற பசையாட்ட இருக்குது."

"நீ எதத்தான் நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கறே?"

நஞ்சப்பன் பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்தார். அவள் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம். டப்பாவைத் திறந்தும் முகர்ந்தேன். அதே வாசம். என் டப்பாவில் அப்படி ஒன்றும் இல்லை. எது நிஜ மாவு என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு மூக்கு இருக்கிறது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது இவளைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். அம்மா களையெடுக்கப் போவாள், இவள் என் இடுப்பில். என் சிலேட்டை இவள் திண்ணைக் கல் மேல் போட்டு உடைத்தது ஒரு மார்கழி மாதம், சனிக்கிழமை, பக்கத்து வீட்டில் எள்ளு காய்ந்துகொண்டிருந்தது. பிறகு இவள் மட்டும் பத்தாவது வரை போனாள். அம்மாவின் சிவப்புக்கல் தோடும் இவள் காதுக்குப் போயிற்று. இப்போது மாவு.

ஆனி 21, வியாழன்

துளசி பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, வழியில் எங்கேயும் இறங்காமல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாளாம். வந்ததும் வராததுமாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் இன்று தண்ணீர் பிடிக்கக்கூடக் குழாயடியில் நிற்க முடியவில்லை. பாதியில் குடத்தை விட்டுவிட்டு ஓடினேன்.

ஆடி 3, புதன்

ஆஸ்பத்திரி நாள். பஸ்ஸில் நான் எப்போதும் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கை. சத்தியமங்கலத்திலிருந்து கோயமுத்தூர் வரை எங்கே கக்கூஸ் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும், எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இன்று அன்னூர் தாண்டிப் பெட்ரோல் பங்க்கில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். திரும்பி ஏறும்போது பஸ்ஸே என்னைப் பார்த்தது. துளசி மட்டும் என்னைப் பார்க்காமல் மடியில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நல்லாகிவிட்டவளுக்கு அவ்வளவு மிதப்பு.

டாக்டர் துளசியின் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். என் சீட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதத்துக்குப் புது டப்பா கொடுத்தார்கள், அதே நம்பர்.

வராந்தாவில் ஃபர்ஹானா இருந்தாள். ஜவுளிக்கடை வேலை போய்விட்டதாம். அடிக்கடி பாத்ரூம் போகிறவளைக் கல்லாப்பெட்டியில் உட்கார வைக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டானாம்.

"அந்த மாவு நெஜமாவே கேக்குதா பாட்டிம்மா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அவளுக்குக் கேக்குது" என்று துளசியைக் காட்டினேன்.

ஆடி 5, வெள்ளி

துளசி பண்ணாரி கோயிலுக்குப் போயிருந்தாள். நஞ்சப்பன் தோட்டத்தில். சாவி வைக்கும் இடம் எனக்குத் தெரியும். ஒரு தூக்குப்போசியும் என் டப்பாவும் கூடையில் எடுத்துப் போனேன்.

போகும்போது பதினைந்தில் இருந்த மாவு, வரும்போது பதினான்கில் இருந்தது. பதினான்கில் இருந்தது பதினைந்துக்குப் போயிற்று. டப்பா அதேதான், நம்பர் அதேதான். சிந்தியதைத் துடைத்து, ஈரத்துணியைக் காய வைத்து, அவள் அடுப்படியை அவள் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக விட்டு வந்தேன். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஆடி 10, புதன்

ஐந்து நாளாக வயிறு வாயைத் திறக்கவில்லை. வெடியாலே எழுந்து குழாயடிக்குப் போனேன், நின்றேன், சண்டை போட்டேன், மூன்று குடம் கொண்டு வந்தேன். கஞ்சியில் ஏலக்காய் வாசம். குடிக்கக் குடிக்க இறங்குகிறது.

"அத்தெ, மூஞ்சி தெளிஞ்சிருக்குதுங்க" என்றாள் கோமதி. அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது என் பேத்தி பிறந்த அன்றைக்கு. அதற்குப் பிறகு இன்றுதான்.

என் வசம்புத் துண்டுதான் காணோம். மாவோடு மாவாக அவள் டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். மாவுக்கு அடியில் கிடக்கிற துண்டை யார் பார்க்கப் போகிறார்கள்? வேறு துண்டு போட்டுக்கொண்டேன்.

ஆடி 18, வியாழன்

பதினெட்டாம் பெருக்கு நோம்பி. இரண்டு வீட்டாரும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. துளசி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அடிக்கடி எழுந்து மரத்துக்குப் பின்னால் போனாள். ஒரு தடவை திரும்பி வரும்போது சேலையின் பின்பக்கம் பார்த்தேன். வேறு யாரும் பார்ப்பதற்குள் என் துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினேன். சுற்றும்போது அந்த இடுப்பு என் இரண்டு கைக்குள் அடங்கியது.

"எத்தன நாளாப் புள்ள இப்படி?"

"ஒரு வாரமா இருக்குமுக்கா. ஒண்ணுமில்ல, உடு."

"அந்த மாவ நிறுத்திப் போடு."

"ஏனுக்கா?"

"ஒத்துக்கலீன்னா நிறுத்தோணும்."

"மொத மாசம் ஒத்துக்குச்சே? அதே மாவுதானக்கா இதும்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஆற்றைப் பார்த்தேன்.

ஆடி 20, சனி

நஞ்சப்பன் ஒன்றும் செய்கிற மாதிரி இல்லை என்று நானே ஷர்மிளாவுக்கு ஃபோன் போட்டேன். துளசிக்கு ரத்தமாகப் போகிறது, மாவை நிறுத்தலாமா என்று கேட்டேன்.

"நடுவுல நிறுத்திட்டா குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கற டெஸ்ட்டு ஃப்ரீயாக் கெடைக்காது பாட்டி. அடுத்த விசிட்டு வரட்டும், டாக்டர்கிட்ட அப்பப் பேசிக்கலாம்."

அதைத் துளசியிடம் போய்ச் சொன்னேன். "அப்பக் குடிச்சுட்டே இருக்கறேன்" என்றாள். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு டம்ளர் குடித்தாள். என் வயிறு இன்றும் நன்றாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி 24, புதன்

துளசி குளியலறையில் விழுந்துவிட்டாள். காரில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலை. வழியில் எனக்குத் தெரிந்த கக்கூஸ் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போயிற்று, ஒன்றிலும் அவளால் இறங்க முடியவில்லை. ரத்தம் ஏற்றுகிறார்கள்.

ஆடி 25, வியாழன்

டாக்டர் ஹேமலதா கோபப்பட்டு இன்றுதான் பார்க்கிறேன். வார்டு வாசலில் வைத்தே கேட்டார்.

"ரத்தம் போகுதுன்னு சனிக்கிழமையே ஃபோன் வந்திருக்கு. எனக்கு ஏன் சொல்லல ஷர்மிளா?"

"விசிட்டு கிட்டத்துல இருந்துச்சு மேடம். ஏற்கனவே ரெண்டு பேரு நின்னுட்டாங்க, இவங்களும் போயிட்டா..."

"போனாப் போகட்டும்! நமக்கு வேண்டியது ஆளுங்களோட எண்ணிக்கையா, ஆளுங்களா?"

இப்படி அவசரம் வந்தால் மட்டும் பிரித்துப் பார்க்க, எந்த மாவு என்று எழுதிய உறை ஆளுக்கொன்று உண்டாம். டாக்டர் பதினைந்தாம் நம்பர் உறையைப் பிரித்தார். துளசிக்கு வந்தது வெறும் அரிசி மாவு. "அப்ப இது மாவுனால வந்ததில்ல. வியாதி தானாக் கிளம்பியிருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு மருந்து எழுதப் போனார்.

அப்புறம் அந்த ஷர்மிளா, திட்டு வாங்கிய ஆற்றாமையோ என்னவோ, என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "சொல்லக் கூடாதுதான் பாட்டி. உங்க உறையையும் பாத்துட்டேன். உங்களுக்கு வந்தது நெஜ மாவு! அதான் நீங்க ஜம்முன்னு இருக்கீங்க. அவங்களுக்கு வெறும் மாவு, படுத்துட்டாங்க. மாவு வேலை செய்யுது!"

கம்ப்யூட்டர் எனக்குத்தான் நல்லதைக் கொடுத்திருக்கிறது. அதை நான் என் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் அவள் டப்பாவில் கொட்டியிருக்கிறேன். நான் இருபது நாளாகக் குடித்து நன்றாக இருப்பது வெறும் அரிசி மாவை. அவள் குடித்துப் படுத்துக் கிடப்பது நிஜத்தை. இவர்கள் அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு சந்தோசப்படுகிறார்கள்.

ஃபர்ஹானா காதில் அது எப்படியோ விழுந்துவிட்டது. "பாட்டிம்மா, உங்களுக்கு அவ்ளோ நல்லாயிடுச்சா? அடுத்த செட்டுல என்னையும் சேக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். மாவே போதும்னா இந்த ஊசிய நிறுத்திடுவேன். அம்மா காதுல கெடந்த தோட்டக் கழட்டி வித்துத்தான் ஊசி வாங்கறாங்க."

நான் வார்டுக்குள் போய்விட்டேன்.

துளசியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நஞ்சப்பன் அந்தப் பதினைந்தாம் நம்பர் டப்பாவையும் கொண்டுவந்து வைத்திருந்தார். "அரிசி மாவுதானாமா, ஆஸ்பத்திரிக் கஞ்சிக்குப் பதிலா இதையே காய்ச்சிக் குடுக்கலாமுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்க" என்றார். டம்ளர் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நான் டப்பாவைத் திறந்தேன். கை தவறிவிட்டது. மாவெல்லாம் தொட்டியில். தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"என்னங்க அண்ணி இப்படிப் பண்ணிப் போட்டீங்க?" என்றார் நஞ்சப்பன்.

"வயசாகுதில்லீங்க, கை நடுங்குது" என்றேன்.

மாவு கரைந்து ஓடும்போது விரலை விட்டுத் துழாவினேன். என் வசம்பு அதில் இல்லை.

ஆடி 27, சனி

இன்று முழுக்க ஃபர்ஹானாவின் அம்மா காது கண் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. கஞ்சி காய்ச்சவில்லை. கோமதி கேட்டாள். பசியில்லை என்றேன்.

ஆடி 29, திங்கள்

எழுபது வயதைத் தொடப் போகிறேன். இதுவரை ஒருவரிடமும் போய் நான் செய்தது தப்பு என்று சொன்னதில்லை. தப்பு பண்ணாததால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று தனியாகப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அன்னூர் வருவதற்குள் மனப்பாடமாகிவிட்டது.

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நான். ஷர்மிளா வெளியே கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, மாவ மாத்துனது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா, உக்காருங்க. உங்க தங்கச்சி நேத்தே சொல்லிட்டாங்க."

"எதச் சொன்னா?"

"அவங்கதான் மாத்தினாங்களாம். அக்காவுக்குத்தான் நல்ல மாவு வந்திருக்கும்னு நெனச்சு, பொறாமையில, உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டாங்களாம். அழுதாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவ இல்லீங்க! நானுங்க! பொறாமைப்பட்டது நானுங்க!"

டாக்டர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீங்க வந்து பழிய ஏத்துக்குவீங்கன்னும் அவங்களே சொன்னாங்க. யாரு மாத்தினாலும் முடிவு ஒண்ணுதாம்மா. நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னே எனக்கு நேத்துதான் தெரியும். உங்க ரெண்டு பேரோட கணக்கும் இந்த ஆராய்ச்சியில செல்லாது. உங்களச் சேத்தது, ரத்தம் போனத எனக்குச் சொல்லாதது, உறையப் பாத்தது, எல்லாத்தையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதியிருக்கேன். அவங்க விசாரிச்சு முடிக்கற வரைக்கும் யாருக்கும் மாவு கெடையாது."

"துளசிக்கு வந்தது அந்த மாவுனாலதானுங்களா?"

"தெரியாது. ஒருத்தர வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. நல்லவேளையா, இப்ப யாரும் அது நல்லதுன்னும் சொல்ல முடியாது." அப்புறம் சொன்னார். "ஷர்மிளாவ மட்டும் சொல்லக் கூடாதும்மா. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல, எப்ப வேணும்னாலும் விலகலாம், விலகினாலும் வைத்தியமும் டெஸ்ட்டும் நிக்காதுன்னு எழுதியிருக்கு. அத நான் உக்காந்து படிச்சுக் காட்டியிருக்கணும். ஃபோன் பேசப் போயிட்டேன்."

எழுதியிருந்திருக்கிறது. நான் எழுத்துக்கூட்டியாவது படித்திருப்பேனே. விரல் வைத்த இடத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனேன். துளசி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருக்கிறது. யாருடையதோ ரத்தம், அவளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

"என்னத்துக்குடி உன்ற தலைல எடுத்துப் போட்டுக்கிட்டே?"

"என்னத்தக்கா?"

"நடிக்காத. நான் பண்ணுனத."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே என் வசம்புத் துண்டு. "பண்ணாரில இருந்து வந்து அன்னிக்குச் சாயந்தரமே அகப்பைல வந்துச்சு. மாவுல வசம்பு போட்டு வெக்கறது இந்த ஊர்ல நீயொருத்திதான்."

"தெரிஞ்சும் ஏண்டி குடிச்சே? கழுத!"

"உன்ற மாவுதான் நல்ல மாவா இருக்குமுன்னு. எப்பவும் உனக்குத்தானே நல்லது வரும்? தானா வந்துருச்சுன்னு கமுக்கமா ஏலக்காயப் போட்டுக் குடிச்சேன்."

"ஏலக்காயா?"

"அந்தச் சுண்ணாம்பு வாசம் எனக்கு ஆகலீக்கா. மொத நாள்ல இருந்தே ரெண்டு ஏலக்காயப் பொடிச்சு டப்பாலயே கலந்துக்குவேன். ஷர்மிளாகிட்டச் சொல்லிப் போடாதே."

ஏலக்காய். நான் என் மூக்கை நம்பி இத்தனையும் செய்தது இவள் போட்ட இரண்டு ஏலக்காய்க்காக.

"எனக்கு எப்ப நல்லது வந்துச்சு? சொல்லு பாக்கலாம்" என்று கேட்டேன்.

"அம்மா சந்தைக்கு உன்னத்தான் கூட்டிட்டுப் போகும். நான் வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருப்பேன். நீ முறுக்குத் தின்னுட்டு வருவே."

"உனக்குக் கொண்டாந்தனே!"

"பாதி" என்றாள்.

இவ்வளவு காலம் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். பத்தாவது படித்தவள் புத்தி.

"சரி, அதுக்கு எதுக்குப் பழிய நீ ஏத்துக்கிட்டே?"

"உன்னய வெரட்டி உட்டுட்டாங்கன்னா? நான் படுத்துக் கெடக்கறேன், என்னய எங்கீன்னு வெரட்டுவாங்க?" என்று சொல்லிவிட்டு வசம்பை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது இருக்கட்டும். சின்னதுல என்ற கைல நீதான் கட்டி உட்டயாமா. அம்மா சொல்லும்."

என் வசம்பு. கேட்கவும் இல்லை.

ஆவணி 4, திங்கள்

துளசி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரையும் புது மருந்தும். மாவு கிடையாது. பச்சரிசியை நொய்யாக உடைத்துக் கஞ்சி வைத்து நான்தான் கொண்டுபோகிறேன். கோமதி வைத்தால் உப்புக் கூடிவிடும். எனக்கு மறுபடியும் வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. இன்று குழாயடியிலிருந்து ஓடிவந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளில் ஃபர்ஹானா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் சொன்னேன்: "நான் குடிச்சு நல்லாயிருந்தது வெறும் அரிசி மாவு கண்ணு. ஊசிய நிறுத்தாதே. டாக்டரு சொல்லாம எதையும் நிறுத்தாதே, எதையும் குடிக்காதே." நம்பாமல் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மாவு ஒன்றும் இல்லை என்று கேட்பது அவளுக்கு வேலை போனதைவிடப் பெரிதாக இருந்தது. புளியம்பட்டி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இதில் யார் யாருக்கு என்ன என்று இன்று உட்கார்ந்து யோசித்தேன். ஷர்மிளா பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து அழுதாள், அவளை விட்டுவிட்டேன். டாக்டர் தன் தப்பைத் தன் வாயாலேயே சொன்னார், அது போதும். கம்ப்யூட்டருக்கு அறிவில்லை. துளசிக்குத் தோட்டைக் கொடுத்த எங்கள் அம்மா செத்துப்போனாள், அவளோடு என்ன வழக்கு?

ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் சிலேட்டை உடைத்தாள், பொறுத்துக்கொண்டேன். என் வியாதியைப் பார்த்து வியாதி வாங்கினாள், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நான் செய்த தப்பை நானே சொல்லிவிடுவோம் என்று பஸ் ஏறிப் போனால், அங்கேயும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். என் தப்பைக்கூட எனக்கென்று விட்டு வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பொறாமைக்காரி என்று அவளைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த இடம் என்னுடையது.

கஞ்சி ஆறுகிறது. கொண்டுபோய்க் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வர வேண்டும். இரண்டு ஏலக்காய் பொடித்துப் போட்டிருக்கிறேன்.

ஆனாலும் மன்னிக்க மாட்டேன். பேரைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்: துளசிமணி.